கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும்

பூவாரிலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் பிறந்து, துபாய், தம்மாம், பெங்களூரு, லண்டன் என்று பிழைக்கப் போன பிள்ளைகளுக்கு,

ஓணத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் நீங்கள் வந்து நிற்கும் பத்துப் பதினைந்து நாட்களில் இப்போது வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான் நடக்கிறது. சாப்பாடு முடிந்ததும் போனை எடுத்து அம்மாவிடம் ஒரு வீடியோ காட்டுகிறீர்கள். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், புல்தரை, சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை, சிரித்த முகத்தோடு ஒரு நர்ஸ். அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “கொள்ளாம்”, அதாவது நல்லாயிருக்கு, என்கிறார். நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே முன்பணம் அனுப்புகிறீர்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பந்தலைப் பார்த்தாலும் அம்மா அதே “கொள்ளாம்”தான் சொல்வார்.

இதை எழுதுகிறவள் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். வீடு கேரளத்தின் இஞ்சிவிளையில், சந்தை எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் களியக்காவிளையில். முதியவர்களைப் படுக்கையில் வைத்துப் பார்த்துப் பழக்கமுண்டு. ஓய்வுக்காலக் குடியிருப்பே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. தனியாக இருக்கும் தாய் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, பால்காரர் வரும்வரை ஈரத்தரையில் கிடந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தவள் அப்படிச் சொல்ல முடியாது. பல வீடுகளுக்குக் குடியிருப்புத்தான் நல்ல வழி. ஆனால் போகப்போவது யாரோ, தேர்வும் கையெழுத்தும் அவருடையதாக இருக்க வேண்டும். பணத்தை வேண்டுமானால் நீங்கள் கட்டுங்கள்.

நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். இந்தியாவில் முதியோர் விகிதம் மிக அதிகமான மாநிலம் கேரளம். அதற்கு அடுத்தது தமிழ்நாடு. 2021 மதிப்பீட்டில் கேரளத்தில் நூற்றுக்கு 16.5 பேரும் தமிழ்நாட்டில் 13.6 பேரும் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031இல் இது 20.9, 18.2 என்று ஆகும் என்கிறது அதே கணக்கு. இந்த இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே கோடு போட்ட இடத்தில்தான் நம் ஊர்கள் இருக்கின்றன. கேரளத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் 22 லட்சம் பேர் என்று 2023 குடிபெயர்வு ஆய்வு சொல்கிறது. பூவார் என்றால் வெளியூர்க்காரருக்கு நெய்யாறு கடலோடு சேரும் பொழிமுகமும் தண்ணீரில் மிதக்கும் குடில்களும்தான். ஓய்வு எடுக்க உலகமே வந்து போகும் ஊரில் பிறந்தவர்களுக்கு, வயதான பிறகு எங்கே ஓய்வது என்ற கேள்வி மட்டும் பதிலில்லாமல் நிற்கிறது.

இந்த ஓய்வுக்கால ஊர் என்ற யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், 1960 ஜனவரி 1 அன்று, டெல் வெப் என்ற கட்டுமானக்காரர் ‘சன் சிட்டி’ என்ற குடியிருப்பைத் திறந்தார். கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், கடைகள் எல்லாம் வைத்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டியது. முதல் வார இறுதியிலேயே ஒரு லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் தம்பதியராக வந்து, சுற்றிப் பார்த்து, தங்கள் காசைத் தாங்களே கொடுத்து வாங்கினார்கள். நம் நாட்டில் இந்த வழக்கம் ஊன்றிய நகரங்களில் முன்னால் நிற்பது கோயம்புத்தூர். நல்ல தட்பவெப்பம், ஆஸ்பத்திரிகள், சென்னையைவிடக் குறைந்த நிலவிலை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கர்னல் ஸ்ரீதரன் தொடங்கிய ‘கோவைகேர்’ போன்ற நிறுவனங்கள் 2000க்குப் பிறகு அங்கே வளர்ந்தன. அங்கே தாங்களே விரும்பி வாங்கி, நன்றாக வாழ்கிற முதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளும் பேராசிரியர்களும் காலையில் நடந்து, மதியம் புத்தகம் படித்து, மாலையில் கச்சேரி கேட்டு இருக்கிறார்கள். ஆனால் இங்கே வாங்குகிறவர் பாதிக்குப் பாதி வெளிநாட்டிலிருக்கும் மகனோ மகளோதான் என்பது என் கணிப்பு. விளம்பரத்தைப் பாருங்கள், அது பேசுவது உங்களிடம். ‘நிம்மதியாக வேலை பாருங்கள், பெற்றோரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற பேச்சில் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியே இல்லை.

எங்கள் மாமியின் கதையைச் சொல்கிறேன். அப்பாவின் தங்கை. பொழியூர்ப் பக்கம் கல்யாணம் பண்ணிக் கொடுத்தது, கணவர் இறந்து வருஷங்களாயிற்று, மகன் வளைகுடாவில். கோயம்புத்தூரில் ஒரு குடியிருப்பைப் பார்த்து வைத்திருந்தான். வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்குத் தங்கிப் பார்க்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சுத்தமான இடம், குறை சொல்ல முடியாது. மருத்துவர் வாரம் தவறாமல் வந்தார். மூன்றாவது வாரம் போன் பண்ணினேன். “மக்களே, சோறெல்லாம் கொள்ளாம். கூட்டான்தான் ஒண்ணுமில்ல” என்றார். அங்கே பொதுச் சமையலறையில் சைவம் மட்டும். சாம்பார், கூட்டு, பொரியல், ரசம், வாரத்தில் ஒருநாள் பாயசம். சாளையும் நெத்திலியும் அயிலையும் தின்று எண்பதைத் தொட்ட உடம்புக்கு அது பத்தியச் சாப்பாடு. அறையிலேயே சமைக்கலாமா என்றால், மீன் வாசனை பக்கத்து வீட்டுக்கு ஆகாது. அசைவம் சமைக்காத குடியிருப்புகள் அந்தப் பக்கம் பல உண்டு. அது அவர்கள் உரிமை; சைவக் குடும்பங்களுக்கு அதுவே வசதி. பூவார்க் கடற்கரைக்காரி அங்கே போவதற்கு முன் அதைக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது பேச்சு. மாமி பேசுவது நம் ஊர்த் தமிழ். கோயம்புத்தூர்க்காரர்கள் மரியாதையாகவே பேசினார்கள், ஆனால் மாமியை அவர்கள் அழைத்தது ‘மலையாளத்தம்மா’ என்று. திருவனந்தபுரத்தில் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தால் ‘பாண்டிக்காரி’ ஆகியிருப்பார். எல்லைக்காரர் தலையெழுத்து இது. இளமையில் இதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். மறதி நோய் வந்தவர்களைப் பார்த்த எனக்கு இது சிரிப்பில்லை. பின்னால் கற்ற மொழிகள் ஒவ்வொன்றாகக் கழன்று போய், பிள்ளைப் பிராயத்துப் பேச்சு மட்டும் மிஞ்சுவது பலருக்கு நடக்கிறது. ‘நீத்தண்ணி தா’ என்று ஒரு கிழவி கேட்டால் அது கஞ்சித் தண்ணீர் என்று பணிப்பெண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ‘பாட்டி அடம் பிடிக்கிறார்’ என்று குறிப்பேட்டில் எழுதுவாள்.

இது என் ஊர்ப்பாசம் மட்டுமல்ல. நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009இல் ‘ஹோகவேக்’ என்ற மறதி நோயாளர் கிராமத்தைத் திறந்தார்கள். அங்கே வீடுகளைப் பிரித்தது நோயின் அளவை வைத்து அல்ல, அவரவர் வாழ்ந்த வாழ்க்கையை வைத்து. கைத்தொழில்காரர்கள் ஒரு வீட்டில், நகரத்துக்காரர்கள் ஒரு வீட்டில். இந்தோனேசியா டச்சு ஆட்சியில் இருந்தபோது அங்கே வாழ்ந்து திரும்பியவர்களுக்குக்கூட அந்த நாட்டுச் சமையலோடு தனி வீடு இருந்தது. காசுள்ள நாட்டில் பல கோடி செலவு செய்து கண்டுபிடித்தது, பழகின சோறும் பழகின பேச்சும் மருந்துக்குச் சமம் என்பதைத்தான்.

வேண்டுதல் இடத்தையும் பாருங்கள். நம் ஊர்களில் சிஎஸ்ஐ சபையோ லத்தீன் கத்தோலிக்கப் பங்கோ கோயில் திருவிழாவோ இல்லாத வீடு அபூர்வம். ஞாயிறு ஆராதனைக்குப் போக வண்டி உண்டா, நடக்க முடியாமல் ஆனால் நற்கருணை கொண்டுவரப் போதகரோ பாதிரியாரோ வருவாரா என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், அம்மா கேட்பார். இன்னொன்றை அம்மா உங்களிடம் கேட்கவே மாட்டார், அதனால் நானே சொல்கிறேன். நம்மில் பலர் வீட்டில் இறந்தவர்களை வீட்டைச் சுற்றியுள்ள விளையிலேயேதான் எரித்தோ புதைத்தோ இருக்கிறோம். தென்பக்க மூலையில் அப்பாவை அடக்கிய இடத்தில் ஒரு செம்பருத்தி நிற்கிறது. வீட்டை விற்றுவிட்டுக் குடியிருப்பு வாங்கலாம் என்று நீங்கள் விலை பேசும்போது அம்மா வாயை மூடிக்கொள்வது அந்த மூலையை நினைத்து. அந்தச் சென்ட் நிலத்தை மட்டும் தனியாக அளந்து வைத்துக்கொள்ள முடியுமா, வழி விட முடியுமா என்று முதலில் அதைப் பேசுங்கள். பிறகு மற்றது தானாகப் பேச்சுக்கு வரும்.

இனி ஆதாரத்துக்கு, அதாவது சொத்துப் பத்திரத்துக்கு, வருகிறேன். இதில்தான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன்.

குடியிருப்புக்குப் போகும் பேச்சு தொடங்கியதும், பின்னாலேயே ஆதாரம் எழுதும் பேச்சும் வருகிறது. “அம்மா எப்படியும் அங்கே போகப்போகிறார், வீட்டை இப்போதே பெயரில் மாற்றிவிட்டால் அலைச்சல் மிச்சம்” என்று. நம் பக்கம் தனநிச்சய ஆதாரம் என்போம். களியக்காவிளை தாண்டினால் செட்டில்மென்ட் பத்திரம். பாசத்தில் எழுதிக்கொடுப்பதாக ஒரு வரி, அவ்வளவுதான் அதில் இருக்கும். 2007இல் மத்திய அரசு கொண்டுவந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்த முதியவரைப் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்த எழுத்தையே செல்லாததாக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. எல்லோரும் இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டுவிட்டு, ‘எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்’ என்று நினைக்கிறார்கள். நிபந்தனை ஆதாரத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும் என்று 2020இல் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது. நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பில் உச்சநீதிமன்றம் முதியவர் பக்கம் சாய்ந்து, இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும், தீர்ப்பாயம் வீட்டைக் காலி செய்யவைத்துத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிடலாம் என்றது. அந்த வழக்கிலும் பார்த்துக்கொள்வதாக எழுதிய காகிதம் இருந்தது. நம் ஊர் ஆதார எழுத்தர் மேசையில் உட்கார்ந்திருக்கும் எழுபத்தெட்டு வயது அம்மாவுக்கு இந்தத் தீர்ப்புகளின் வேறுபாட்டை யார் சொல்லப்போகிறார்கள்?

ஆகவே அம்மா குடியிருப்புக்குப் போன பிறகும் வீடு அம்மா பெயரிலேயே இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பங்கு வைக்க வேண்டுமென்றால் உயில் இருக்கிறது. உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். ஏற்கெனவே எழுதத்தான் வேண்டும் என்ற நிலை என்றால், ‘கடைசிவரை உணவு, இருப்பிடம், மருத்துவம், குடியிருப்பின் மாதக் கட்டணம் இவற்றை இன்னார் ஏற்க வேண்டும்’ என்ற வரியைச் சேர்த்து எழுதுங்கள். அந்த வரியைச் சேர்க்க எந்தப் பிள்ளை முகம் சுளிக்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு எழுத வேண்டாம் என்பது என் கட்சி. இதே சட்டத்தின் கீழ் மாதப் பராமரிப்புத் தொகைக்கு வரம்பு 10,000 ரூபாய். வெளிநாட்டுச் சம்பளக்காரர்கள் பலரின் பெற்றோர் தங்கும் குடியிருப்பின் மாதக் கட்டணமே அதைத் தாண்டிவிடும். சட்டத்தை நம்பி வீட்டை விட முடியாது என்பதற்கு இதுவே போதும்.

அடுத்து, குடியிருப்பு ஒப்பந்தத்தைப் பற்றி. சில இடங்களில் வீட்டை விலைக்கே வாங்க வேண்டும். சில இடங்களில் பெரிய டெபாசிட் வைத்து ஆயுள்வரை தங்கலாம். சில இடங்களில் மாத வாடகை. விலைக்கு வாங்குவதென்றால், கட்டுமானத் திட்டங்களைக் கண்காணிக்கும் ஆணையமான ரேராவின் பதிவெண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் ரேரா பார்ப்பது கட்டடத்தை. நர்ஸ் இரவில் இருப்பாரா, சாப்பாடு கடைசிவரை வருமா என்பதெல்லாம் சேவை ஒப்பந்தத்தில்தான். ஓய்வு இல்லங்களுக்கென்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டது. நல்ல ஏடுதான், ஆனால் பெயரே சொல்வதுபோல அது மாதிரி. மாநிலங்கள் எடுத்து நடைமுறைப்படுத்தினால்தான் அதற்குப் பலம். மகாராஷ்டிர ரேரா 2024இல் முதியோர் குடியிருப்புகளுக்கு அப்படி விதி செய்தது. டெபாசிட் திரும்பக் கிடைக்குமா, எத்தனை மாதத்தில், இறந்தபிறகு யாருக்கு, ஆண்டுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும் என்பதற்கும் உச்சவரம்பு எழுத்தில் வேண்டும். பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் அறுபது கடந்தவர் கட்டும் மாதம் 25,000 ரூபாய் வரையான கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. மற்ற இடங்களில் சொன்ன தொகைக்கு மேல் வரி உண்டா என்று கேளுங்கள்.

நர்ஸ் என்ற முறையில் நான் ஒப்பந்தத்தில் தேடுவது வேறு ஒரு வரி. ‘தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும்வரை’ தங்கலாம் என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். அதன் பொருள், அம்மா படுத்துவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்பது. நடக்கிற அம்மாவை ஏற்றுக்கொண்டு, நடக்க முடியாத அம்மாவைத் திருப்பி அனுப்பும் இடத்துக்கு எதற்குப் போக வேண்டும்? நடக்கிற காலத்துக்கு நம் வீடே போதுமே! மறதி நோய் வந்தால் எந்தக் கட்டடத்துக்கு மாற்றுவார்கள், அங்கே கட்டணம் என்ன, கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் வந்தால் இருவரையும் பிரிப்பார்களா, நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போவார்கள், இவற்றுக்குப் பதில் வாங்கிவிட்டுப் பிறகு புல்தரையைப் பாருங்கள். இடம் பார்க்கப் போகிறவர்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் முன்னறிவிப்பில்லாமல் போங்கள். பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். இரவுப் பணிக்கு எத்தனை பேர், மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது என்பதில்தான் இடத்தின் யோக்கியதை தெரியும்.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். நம் அம்மாக்களில் பலர் படித்தது மலையாளத்தில், ஜெபம் பண்ணுவது தமிழில், கையெழுத்துப் போடச் சொல்வது ஆங்கிலத்தில். நீங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு ஷரத்தையும் அவர் பேச்சில் சொல்லிக் காட்டுங்கள். “நீ பார்த்தா போதும் மோனே” என்பார். போதாது. பேரப்பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஒரு முழு மதியம் அதற்கு ஒதுக்குங்கள்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 அன்று கோடு போட்டபோது விளவங்கோடும் கல்குளமும் அந்தப் பக்கம் போயின, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. நாம் பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கத்திலும். சாதாரண நாளில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. மீன் வாங்கவும் பல் பிடுங்கவும் கடந்து போய் வருகிறோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் களியக்காவிளையில் அடைத்தபோது எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்து நிமிட நடையில் இருந்த அக்கா வீட்டுக்குப் பாஸ் வேண்டியிருந்தது. அதற்காக அந்தப் பக்கமே போகக் கூடாது என்றில்லை. அம்மா மாநிலம் மாறுகிறார் என்பது என்னென்ன காகிதங்களை மாற்றும் என்று கணக்குப் பாருங்கள். 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாயாக உயர்ந்த கேரளச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் இங்கே வசிப்பவருக்கானது. உயிரோடு இருப்பதைக் காட்ட ஆண்டுதோறும் அட்சயா மையத்தில் மஸ்டரிங் செய்ய வேண்டும். அரசு ஓய்வூதியக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஜீவன் பிரமாண் வழியாக உயிர்ச் சான்றை எங்கிருந்தும் கொடுக்கலாம், 2021 முதல் போனில் முகத்தைக் காட்டினாலே போதும். இங்கே பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் படுக்கையில் கிடப்பவரை வீடு தேடி வந்து பார்க்கிறார். 2008இல் கேரளம் வகுத்த கொள்கையின் பயன் அது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதுபோல வீட்டுக்கு வருகிறது. ஆனால் உள்ளே போகக் காவலாளியிடம் பதிவு போட வேண்டிய குடியிருப்புக்கு இந்த இருவரும் வருவார்களா என்று நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு சொன்ன பராமரிப்புச் சட்டத்தில் ஒரு வசதி உண்டு. பெற்றோர் இப்போது வசிக்கும் மாவட்டம், கடைசியாக வசித்த மாவட்டம், பிள்ளை வசிக்கும் மாவட்டம், எதிலும் பராமரிப்பு மனு கொடுக்கலாம். யாருக்கும் ஒன்றும் புரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண் நாடு முழுக்க ஒன்றுதான். அந்த எண்ணை அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள். உங்களைப் பற்றிப் புகார் சொல்லவும் அது அவருக்கு உதவும்.

மாமி அந்த ஒரு மாதம் முடிந்ததும் திரும்பி வந்தார். டெபாசிட் கட்டாததால் யாருக்கும் நஷ்டமில்லை, சண்டையுமில்லை. கொஞ்ச நாள் ஹோம் நர்ஸ் வைத்தோம். ஒருத்தி நல்லவள், அவள் போனபின் வந்தவள் எந்நேரமும் போனில். பிறகு மாமியே மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன இல்லத்தைச் சொன்னார். சபைக்கூட்டத்தில் பழகின ஒரு பாட்டி அங்கே ஏற்கெனவே இருந்தார். புல்தரை கிடையாது. கட்டடத்துக்கு வெள்ளையடித்துப் பல வருஷம் ஆகியிருக்கும். மகனுக்கு அதைப் பார்த்து முகம் வாடிவிட்டது, “நான் சம்பாதிக்கிறது இதுக்கா” என்று என்னிடம் கேட்டான். வாரத்தில் மூன்று நாள் மீன், பேச்சுக்கு ஆள், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில். மாமி தன் பாஸ்புக்கைத் தன் பையிலேயே வைத்திருக்கிறார். சேர்க்கைப் படிவத்தில் தமிழில் பெயர் எழுதியது அவர்தான்.

நம் ஊர்ப் பக்கம் அப்படி ஓர் இடம் ஏன் போதவில்லை என்பது இன்னொரு கேள்வி. யாருமற்றவர்களுக்குத் திருவனந்தபுரம் புலையனார்க்கோட்டையில் அரசு முதியோர் இல்லம் இருக்கிறது. பணமுள்ளவர்களுக்குத் திருவனந்தபுரம், கொச்சி, கோயம்புத்தூர் இருக்கின்றன. நடுவில் உள்ள நமக்கு, அதாவது வீடும் கொஞ்சம் பணமும் பிள்ளைகள் அனுப்புவதும் உள்ள, ஆனால் பக்கத்தில் ஆளில்லாத நமக்கு, பஞ்சாயத்தின் பகல் வீடு கிடைத்தால் உண்டு. பகல் வீடு சாயங்காலம் மூடிவிடும், பயம் வருவது அதற்குப் பிறகு.

பத்தனம்திட்டை மாவட்டத்தில் கும்பநாடு என்ற ஊரைப் பற்றி 2023இல் செய்தி வந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் வீடுகளில் ஏறத்தாழ 15 விழுக்காடு பூட்டிக் கிடக்கிறது, ஊரில் முதியோர் இல்லங்கள் பெருகிவிட்டன என்று. நாம் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். உதியன்குளங்கரையிலிருந்து பூவார் வரை ஒரு நடை போய்ப் பாருங்கள், வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய எத்தனை இரட்டை மாடி வீடுகள் கேட்டில் துருப்பிடித்த பூட்டோடு நிற்கின்றன! ஒரு பக்கம் ஆளில்லாத வீடு, இன்னொரு பக்கம் வீட்டுக்குள் தனியாக ஒரு கிழவி.

இந்த மடலை உங்கள் சங்கங்களின் கையிலும் கொடுக்கிறேன். வளைகுடாவில் ஓணம் கொண்டாட மண்டபம் பிடிக்கிறீர்கள், ஊர்க்கோயிலுக்கும் பள்ளிக்கும் நன்கொடை அனுப்புகிறீர்கள். பூட்டிய வீடு வைத்திருக்கும் உங்களில் நாலைந்து பேர் சேர்ந்து, தரைத்தளம் உள்ள ஒரு வீட்டை எட்டுப் பத்துப் பேர் தங்கும் இல்லமாக மாற்றிக் கொடுக்க முடியாதா? சமையலுக்கு நம் ஊர்ப் பெண் ஒருத்தி, இரவுக்கு ஒரு நர்ஸ், அவசரத்துக்குப் பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரியோ காரக்கோணம் மருத்துவக் கல்லூரியோ. அறநிறுவன இல்லமாக நடத்துவதென்றால் அதற்கான 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பஞ்சாயத்து அனுமதியும் வேண்டும். 2025இல் கேரளம் இந்தியாவிலேயே முதலாவதாக முதியோருக்கென்று சட்டம் இயற்றி ஓர் ஆணையம் அமைத்திருக்கிறது, அங்கேயும் போய்க் கேட்கலாம். ஓய்வு பெற்ற நர்சுகள் இந்தப் பகுதியில் எத்தனையோ பேர் இருக்கிறோம், இரவு முறை போட்டு வர நான் தயார். வீடு கொடுக்க முன்வருகிறவர்கள் இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் உங்கள் வார்டு உறுப்பினரிடம் சொல்லுங்கள், எந்த வீடு என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு அதில் தங்கப்போகிற முதியவர்களையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
இஞ்சிவிளையிலிருந்து,
ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி